வயிற்றில் இரும்பு

ஜனவரி. நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம்.
தெற்குப் பியூஜெட் கழியில் குளிர்கால வற்றம்
இரவில்தான் வரும்.
நெற்றி விளக்கோடு ஆறு பேர் இறங்குகிறோம்.
பெட்டிக்கு நான்கு டாலர் கூலி.
பெட்டிக்குள் போடவேண்டியதும் டாலர்,
மணல் டாலர்.
இந்தச் சிரிப்பை முதல் நாளே சிரித்து முடித்துவிட்டோம்.

நீங்கள் பார்த்திருப்பது செத்தது.
வெளுத்து, நூல் கோத்து,
கடையில் சங்கிலி டாலராகத் தொங்குவது,
முதுகில் ஐந்து இதழ்ப் பூவோடு.
உடைத்தால் உள்ளிருந்து ஐந்து வெள்ளைப் புறா விழும் என்று
படகுத்துறைக் கடைக்காரி சொல்லுவாள்.
புறா இல்லை,
பல்.

உயிருள்ளது கருஊதா.
வெல்வெட் என்று நினைத்துத் தடவினால் முள்,
முடியளவு முள், ஆயிரக்கணக்கில்.
ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு அசைகிறது,
உள்ளங்கையில் யாரோ
பார்க்காமல் எழுதிக்கொண்டே போவதுபோல.

முழங்கால் நீர் தங்கிய பள்ளத்தில்
அவை படுத்திருக்கவில்லை.
பாதி உடல் மணலில், பாதி நீரில்,
வரிசை வரிசையாக நிமிர்ந்து,
கழுவி ஸ்டாண்டில் செருகிய தட்டுகள்.
ஓட்டத்துக்கு விளிம்பைக் காட்டி நிற்கின்றன.
கடந்துபோகும் துணுக்கை முள் பிடிக்கும்,
குழாய்க்கால் வாங்கும்,
கைமாறிக் கைமாறி வாய்க்குப் போகும்.
ஓட்டம் முறுகினால்
படுத்து, மணலை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.
எனக்கும் அதுதான் தோன்றியது அந்தக் குளிரில்.

இரெனேயோ மிஷ்டெக்கில் எண்ணுகிறான்.
இருபது ஆனால் பாக்கெட்டில் ஒரு கல்.
அவன் கல் கணக்கும் ஹால்டிஸின் நோட்டுக் கணக்கும்
ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

இங்கே கூயிடக் மட்டி நடப்போகிறார்கள்.
பிளாஸ்டிக் குழாயை மணலில் ஊன்றி,
ஒவ்வொன்றிலும் நான்கு குஞ்சு.
ஆறு வருடம் கழித்து ஷாங்காய்க்கு விமானம் ஏறும்.
டாலர் படுகை இருந்தால் குழாய் இறங்காது.
"குத்தகை எல்லைக்கு அந்தப் பக்கம் கொட்டுங்கள்,
செத்துப்போகாது" என்றாள் ஹால்டிஸ்.
கொட்டினோம். தலைகீழாக விழுந்தவை
திரும்பிக்கொண்டனவா, பார்க்க நேரமில்லை.

ப்ரயனி ஒரு வாரம் கணக்கெடுக்க வந்தாள்.
செத்த குஞ்சு ஒன்றை, சட்டைப் பொத்தானைவிடச் சிறியதை,
நகத்தால் உடைத்து
வயிற்று மணலைத் தாளில் கொட்டினாள்.
தாளுக்கடியில் காந்தத்தை ஓட்டினாள்.
கருமணல் எழுந்து நின்றது.
அலை தூக்கிப்போகாமலிருக்க
குஞ்சுகள் கனத்த மணலாகத் தேடி விழுங்குமாம்.
வளர்ந்தபின் அது தேவைப்படாதாம்.
இரெனேயோ ஒன்றும் சொல்லவில்லை.
நீர்மூழ்கும்போது இடுப்பில் கட்டும் ஈயப்பட்டையை
ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கையுறை கிழிந்த இடத்தில் விரல் ஊதாவாகிவிட்டது.
சோப்புக்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை.
"ஓட்டுப் போட்ட விரல்" என்றான் அவன்.
"யாருக்குப் போட்டோம்?" என்றேன்.

ஜூனில் நீர் இளகியது.
எல்லைக்கு அந்தப் பக்கம்
ஆணும் பெண்ணும், எது எதுவென்று
வெளியிலிருந்து யாருக்கும் தெரியாதவை,
விதையையும் முட்டையையும் நீரில் விட்டிருக்கும்.
அதிலிருந்து எட்டுக் கை முளைத்த துளி ஒன்று
வாரக்கணக்கில் மிதந்து
இறங்க இடம் தேடும்.
பெரியவை புரண்ட மணலின் வாசம் எட்டினால் போதும்,
கைகளை உதிர்த்து
வட்டமாகிவிடும்.

பெட்டி பெட்டியாக உடல்களைத்தான் எடுத்துப்போனோம்.
வாசத்தை எடுத்துப்போக
யாரும் கூலி பேசவில்லை.

செப்டம்பரில் குழாய் சரிபார்க்கக் குனிந்தேன்.
இரண்டு குழாய்க்கு நடுவே, கடுகளவு, ஒன்று.
பிறகு நாற்பது.
பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.
விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும்
ஒரு கரும்புள்ளி.

ஹால்டிஸிடம் நான் சொல்லவில்லை.
அவளே பார்த்துவிட்டாள் போல.
அடுத்த ஜனவரிக்குப் பெட்டிக்கு நாலரை என்றாள்.